ஆயிரத்தில் யாருடைய ஐந்நூறு

"வெள்ளி வேணும்னா வெள்ளியையே வாங்கிடலாமே அப்பா. எதுக்குக் குழி தோண்டுறவங்ககிட்ட காசு குடுக்கணும்?"

மகள் ஏழு வயதில் இப்படிக் கேட்டபோது அடகுக்கடை மதிப்பீட்டாளர் சிரித்தார். "வெள்ளி பத்து ஏறினா, சுரங்கக் கம்பெனிப் பங்கு முப்பது ஏறும்டா." இறங்கினாலும் அதே கணக்குதான் என்பதைச் சொல்லாமல் விட்டார்.

இருபது வருடமாக வெள்ளியை உரசிப் பார்த்தவர். கையில் எடுத்ததுமே கலப்படம் தெரிந்துவிடும். அந்தக் கர்வம்தான் கண்ணை மறைத்தது. கம்பெனி அறிக்கையில் தாதுவின் தரத்தை வரிவரியாகப் படித்தவர், சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இறைக்கும் செலவைப் பற்றிய பக்கத்தைப் புரட்டவே இல்லை.

அண்ணன் இறந்தபின் தனியாக இருந்த அண்ணி, முட்டி அறுவை சிகிச்சைக்குச் சேர்த்த பணத்தை அவரிடம் கொடுத்தாள். "எனக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியாது தம்பி. உன் கை ராசியான கை."

தன் பெயரிலேயே ஆளுக்கு ஐந்நூறு, ஆக ஆயிரம் பங்கு வாங்கினார்.

விலை இரட்டிப்பானது. "போதும் தம்பி, வித்துடலாமா?" என்றாள் அண்ணி.

"பொறுத்தார் பூமி ஆள்வார் அண்ணி."

சொன்ன வாய் சொன்னதுதான். மனம் அடித்துக்கொண்டது. மறுவாரமே ஐந்நூறை விற்று, பணத்தை வங்கியில் வைப்பாகப் போட்டார். விற்றது தன்னுடையது என்று எண்ணிக்கொண்டார். பொறுக்கச் சொன்ன தன் பெருமை கெட்டுவிடுமே என்று அவளிடம் மூச்சுவிடவில்லை.

பிறகு சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது. சந்தையில் வெள்ளி ஏறிக்கொண்டே போக, கம்பெனிப் பங்கு தரைதட்டியது.

கைத்தடியை ஊன்றிப் படியேறி வந்தாள் அண்ணி. திட்டியிருந்தால் தேவலை.

"விடு தம்பி. உனக்கும்தானே போச்சு. முகத்தை ஏன் இப்படித் தொங்கப்போட்டிருக்க? இந்த முட்டி என்னோட சண்டை போட்டுப் பழகிடுச்சு, இன்னும் கொஞ்ச நாள் போடட்டும்."

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மதியம் கடையில் எல்லாரும் சாப்பிடப் போனபின், கைபேசியில் பங்குக் கணக்கைத் திறந்தார். எந்த ஐந்நூறு யாருடையது என்று அதில் எழுதியிருக்கவில்லை. அவர் மனதில்தான் எழுதியிருந்தது. அதை மாற்றி எழுதினார். விற்றது அண்ணியுடையது, மிஞ்சிய செல்லாக்காசு தன்னுடையது.

வங்கி வைப்பை முடித்து, வட்டியோடு அத்தனையையும் அவள் கணக்குக்கு அனுப்பினார். போய்ச்சேர்ந்தது என்று செய்தி வந்தது. ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கைகூப்பிவிட்டு, மேசைமேல் காத்திருந்த அடகு வளையலைத் தராசில் வைத்தார்.