தேயிலைக்கொட்டைத் தூள்

என் கணவர் புன்-ஹியோங்குக்கு என்னைவிட அவருடைய தங்கமீன்கள்தான் உசத்தி. தைவானின் தைனான் நகரில் எங்கள் வீட்டு வாசலில், பெரிய பீங்கான் தாழியில் அவை நான்கும் ராஜபோகமாக வாழ்ந்தன. இருப்பதிலேயே பெரியதற்கு முதலாளி என்று பெயர்.

சந்திரப் புத்தாண்டுக்கு வீடு கழுவ ப்ளீச்சிங் பாட்டிலைத் திறந்தேன். அவ்வளவுதான், மனிதர் குதித்தார்.

"அந்தக் கருமத்தைத் தூக்கிப் போடு! ஒருநாள் இல்ல ஒருநாள் என் மீனையெல்லாம் கொல்லத்தான் போற நீ!"

எனக்குச் சுருக்கென்றது. கொலைகாரியா நான்? இருந்த பாட்டில் அத்தனையையும் குப்பை வண்டியில் போட்டுவிட்டு, இயற்கைப் பொருள் கடைக்குப் போனேன்.

அங்கே தலை சுற்றியது. ஒரு வாளியில் வெள்ளைப் பொடி, அடுத்த வாளியிலும் வெள்ளைப் பொடி. ஒன்று சோடா, இன்னொன்று எலுமிச்சை உப்பு. தனித்தனியாகப் போட்டால் அழுக்குப் போகுமாம், சேர்த்துப் போட்டால் பொங்கி அடங்கி வீணாகிவிடுமாம். அப்புறம் ஏன் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்?

"ஒண்ணும் புரியலம்மா. யாருக்கும் கெடுதல் இல்லாததா ஏதாவது குடு."

கடைக்காரப் பெண் சிரித்தாள். "அப்ப தேயிலைக்கொட்டைத் தூள் எடுத்துக்கோங்க அத்தை. எண்ணெய் ஆட்டின சக்கைதான். அந்தக் காலத்துல இதுலதான் பாத்திரம் தேய்ப்பாங்க. காய்கூடக் கழுவலாம்."

பாத்திரங்கள் பளபளத்தன. எனக்கு ஆசை விட்டதா? அவர் சந்தைக்குப் போன நேரத்தில் மீன்களை ஒரு தொட்டிக்கு மாற்றி, பாசி பிடித்த தாழியையும் அதே தூளால் தேய்த்தேன். ஒரே ஒரு அலசு. இயற்கைதானே, கொஞ்சம் ஒட்டியிருந்தால் என்ன? புதுத் தண்ணீர் நிரப்பி மீன்களை விட்டேன். வந்து பார்த்து வாயடைத்துப் போவார் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் நான்கும் மேலே வந்து வாயைப் பிளந்தன. முதலாளி ஒருபக்கமாகச் சாய்ந்தது. பதறிப்போய்க் கடைக்குப் போன் போட்டேன்.

"மீன் தாழியிலயா? ஐயோ அத்தை! இறால் குட்டையில வேண்டாத மீனைக் கொல்றதுக்கே இதைத்தான் போடுவாங்க!"

"காய் கழுவலாம்னு சொன்னியேடி!"

"காய்க்குச் செவுள் இல்லையே அத்தை!"

மீன்களை அள்ளித் திரும்பவும் தொட்டியில் விட்டுக்கொண்டிருந்தபோது அவர் வந்துவிட்டார். காய்ப்பையை அப்படியே போட்டுவிட்டு மண்டியிட்டார். முதலாளியை உள்ளங்கையில் நிமிர்த்திப் பிடித்து, தண்ணீரில் மெல்ல முன்னும் பின்னும் அசைத்தார். மற்ற மூன்றும் மெதுவாகத் தெளிந்து நீந்தின. முதலாளி அசையவே இல்லை.

"எதைப் போட்டுக் கழுவின?"

பொட்டலத்தைக் காட்டினேன். மோந்து பார்த்தார்.

"இது நல்லதுதானே?" என்று என்னையே கேட்டார்.

"எனக்கும் அப்படித்தாங்க சொன்னாங்க."

ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், இப்படி உட்கார்ந்து அழுதிருக்க மாட்டேன்.