மெதுவா வாங்கம்மா

தபால் ஆபீஸ் கவுன்ட்டரிலேயே தலை நரைத்ததால், ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் எல்லோருக்கும் அவள் போஸ்டம்மாதான். கணவர் போன பின் தனியாக இருக்கிறாள். அதுதான் மகனின் கண்ணை உறுத்தியது. முதியோர் இல்லத்தில் ஓர் அறை காலியாக இருக்கிறதாம். “நீ தனியா இருக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டா நான் வாயே தொறக்கமாட்டேன்” என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருந்தான்.

அங்கே பிசியோதெரபி டாக்டர் ஒருத்தி, சின்ன வயது, வயதானவர்களின் உடல் திறனை அளக்கப் புதிய முறை ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தாள். பழைய முறையில் வெறும் கேள்விகள்தானாம். மாடி ஏறுவீர்களா, தானே குளிப்பீர்களா என்று கேட்டால், கூட வந்த பிள்ளைகள் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுகிறார்களாம். இனி அந்தப் பேச்செல்லாம் இல்லை, நடந்து காட்டினால் போதும். இதைக் கேட்டதும் போஸ்டம்மாவுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று.

நாற்காலியிலிருந்து எழுந்து, தரையில் ஒட்டிய மஞ்சள் டேப் வரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

“அவசரமே இல்லம்மா. மெதுவா, பாத்து, பதறாம வாங்க” என்று டாக்டர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிரியமாகப் பிடித்த கையை உதற மனம் வரவில்லை. சொன்ன பேச்சைக் கேட்டு, கல்யாணப் பெண் மாதிரி அடி மேல் அடி வைத்துப் போய்த் திரும்பினாள் போஸ்டம்மா.

டாக்டர் மறு கையிலிருந்த போனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். அதில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

“ரொம்ப டைம் எடுத்துட்டாங்க சார். தனியா விடுறது ரிஸ்க்.”

போஸ்டம்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

“மெதுவா வான்னு சொன்னதும் நீ, மெதுவா வந்தேன்னு கழிச்சுக் கட்டுறதும் நீயா?”

“எல்லாருக்கும் அப்படித்தான்மா சொல்றோம். விழுந்துடக் கூடாதுல்ல.”

எல்லாருக்குமா! இந்த அறையில் எத்தனை பேர் சொல் தட்டாமல் நடந்திருப்பார்கள், அந்த ஒரே குற்றத்துக்காக எத்தனை பேர் வீட்டை விட்டுப் போயிருப்பார்கள்! அவள் மகன் பக்கம் திரும்பினாள்.

“டேய், எழுந்திரு. நீ நட. டாக்டரம்மா, எனக்குச் சொன்னத ஒரு எழுத்து விடாம இவனுக்கும் சொல்லு. கையையும் பிடிச்சுக்கோ.”

“என்னம்மா இது, சின்னப் புள்ளைங்க வெளையாட்டு மாதிரி…”

“நடடா!”

அந்தக் குரலுக்கு அவன் இன்றும் பயப்படத்தான் செய்தான். தொந்தியைத் தூக்கிக்கொண்டு, டாக்டரின் பிடியில் கூசிக் கூசி நடந்து வந்து உட்கார்ந்தான். டாக்டர் போனைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. அம்மாவைவிட மகன்தான் அதிக நேரம் எடுத்திருந்தான்.

“இவன எந்த இல்லத்துல சேக்கலாம்?”

டாக்டர் சிரிக்கவில்லை. “தப்பு எங்களோடதும்மா. இதுவரைக்கும் எடுத்தது அத்தனையும் திரும்ப எடுக்கணும்” என்றாள். பிறகு தள்ளிப் போய்ச் சுவரோரமாக நின்றுகொண்டாள். “வீட்ல நடக்குற மாதிரி நடங்க. நான் தொடமாட்டேன்.”

முழங்கால் சடக்கென்றது. போஸ்டம்மா அதைச் சட்டை செய்யாமல் விறுவிறுவென்று போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

“தாராளமா தனியா இருக்கலாம்” என்றாள் டாக்டர்.

மகன் சந்தோஷப்படவில்லை. நெற்றியைத் துடைத்தான்.

“இல்லம்மா… உன் வீட்ட வாடகைக்கு விடப் பேசிட்டேன். நாளைக்குச் சாமானோட வர்றாங்க.”

இவ்வளவு நேரம் அந்தப் பெண்ணிடம் கத்தியதெல்லாம் வீண் என்று போஸ்டம்மாவுக்குத் தோன்றியது. அவள் அறியாமல் செய்தாள். இவன் அறிந்தே செய்திருக்கிறான்.

“என்ன கேக்காமலா?”

அவன் சட்டைப் பையிலிருந்த போனைக் கையால் மறைத்துக்கொண்டான்.

“போன எடு. வர வேண்டாம்னு சொல்லு. இப்பவே, என் கண்ணு முன்னாடி.”

டாக்டர் மெல்ல நழுவப் பார்த்தாள்.

“நீ எங்க போற? நில்லு. சாட்சிக்கு ஆள் வேணும்.”

மகன் எண்ணை அழுத்திக் காதில் வைத்தான். அவன் பேசி முடிக்கும்வரை போஸ்டம்மா உட்காரவில்லை.

“சார்… அந்த வீடு இல்ல சார். அதுல அம்மா இருக்காங்க.”