பேரீச்சங்கொட்டை எங்கே போகிறது?

சவூதியின் முபர்ரஸ் ஊரில் நாங்கள் ஆறு பெண்கள் சேர்ந்து பேரீச்சம்பழ விழுது அரைத்து விற்கிறோம். எடுத்த கொட்டையெல்லாம் ஆட்டுத் தீவனத்துக்குப் போகும். போன வருஷம் மிஷாரி என்றொருவன் லாரியோடு வந்து, இனி மொத்தமும் தனக்கே வேண்டும் என்றான்.

"எதுக்குப்பா இத்தனை?"

"ஒரு வேலை இருக்குக்கா."

அவ்வளவுதான் பதில். கழுவிக் காயவைத்துத் தரவேண்டுமாம். ஆடு என்றைக்குக் கழுவின கொட்டை கேட்டது?

அதே மாதம் என் கொழுந்தன் தாஹிர் கடைக் காபித்தூள் கசந்தது. பேரீச்சங்கொட்டையை வறுத்துப் பொடித்தால் காபி மாதிரியே இருக்கும். மிஷாரியும் தாஹிரும் பள்ளிவாசலில் கைகுலுக்கியதை வேறு பார்த்திருந்தேன். தாஹிர் கலப்படம் செய்கிறான் என்று கூட வேலை செய்யும் மஃஸூமாவிடம் சொல்லிவிட்டேன்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே."

"நான் யார்கிட்டடி சொல்லப்போறேன்?"

அடுத்த முறை லாரி கிளம்பியதும் என் காரில் பின்தொடர்ந்தோம். அது தாஹிர் கடைத்தெருவில் நின்றது. "பாத்தியா!" என்றேன். மிஷாரி இறங்கி ரொட்டி வாங்கிக்கொண்டு மறுபடி ஏறினான். ஊரைத் தாண்டி, எண்ணெய்க் கிணறுகள் பக்கம் ஒரு கொட்டகையில்தான் வண்டி நின்றது.

எங்களைப் பார்த்துவிட்டான். "உளவு பார்க்க வந்தீங்களா, உம்மு ஜாபிர்?" என் மகன் ஜாபிர் பேரைச் சொல்லித்தான் ஊரில் என்னை அப்படிக் கூப்பிடுவார்கள்.

"ஆமா. காபியில கலக்குறியா?"

சிரித்துக்கொண்டே உள்ளே கூட்டிப்போனான். அரவை எந்திரம், சல்லடைகள், மூட்டை மூட்டையாகப் பொடி.

"எண்ணெய்க் கிணறு தோண்டும்போது உள்ள விடுற சேறு பாறை வெடிப்புல ஓடிடும். இந்தப் பொடியைக் கலந்தா வெடிப்பு அடைஞ்சுக்கும்."

"இதை ஏன் மறைச்சே?"

"சொன்னா நாளைக்கே இன்னொருத்தன் உங்க வாசல்ல லாரியோட நிப்பான்."

நான் நம்பவில்லை. அடியில் ஓட்டை போட்ட டப்பாவில் சரளைக்கல் நிரப்பிச் சேற்றைக் கொட்டினான், கடகடவென ஓடியது. ஒரு பிடி பொடியைச் சேற்றில் கலந்து மறுபடி ஊற்றினான். சொட்டியது, பிறகு நின்றது. ஓட்டையில் விரல் வைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

திரும்பும் வழியில் மஃஸூமா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி?"

"என் தங்கச்சிகிட்ட மட்டும் சொன்னேன்."

பேச்சு ஊரெல்லாம் பரவி, தாஹிர் அன்று கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"போன மாசம் காபிக்கொட்டை வறுக்கும்போது கருகிடுச்சு அண்ணி, அதான் கசந்துது," என்றான் தாஹிர். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அதன்பின் பெண்கள் கூடும் இடமெல்லாம் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். சிலர் நம்பினார்கள். சிலர் என்னை ஓரமாக இழுத்து, "தாஹிர்தான் இப்படிச் சொல்லச் சொன்னானா?" என்று கேட்டார்கள்.