துண்டு போட்ட இடம்

எச்.ஐ.வி. மாத்திரை கடலூரிலேயே கிடைக்கும். ஆனாலும் சூசைமாணிக்கமும் அவர் மனைவி அந்தோணிமேரியும் ஐந்து வருடமாகச் சிதம்பரத்துக்குத்தான் பஸ் ஏறினார்கள். கடலூரில் என்றால் மாதா கோயில் ஆட்கள் யாராவது பார்த்துவிடுவார்கள். துறைமுகத்து மீன்காரி பூவம்மாளும் அந்தப் பயத்தில்தான் அங்கே வந்தாள். மாத்திரை கொடுக்கும் மையத்து பெஞ்சில் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சோற்றைப் பகிர்ந்துகொள்வார்கள். வாசலைத் தாண்டிவிட்டால் யாருக்கும் யாரையும் தெரியாது. திரும்பும் பஸ்ஸில் தனித்தனி சீட்டு. யாரும் சொல்லி வைத்ததல்ல. அங்கே வருகிற எல்லோரும் அப்படித்தான்.

2011இல் சூசைமாணிக்கத்துக்கு அறுபத்து மூன்று வயது. லாரி ஓட்டிய கைகள் சட்டைப் பித்தானுக்குத் தடுமாறின. மாத்திரை போட்டோமா என்பதே மறந்தது. வயதாக இருக்கலாம், கிருமி மூளையைத் தொட்டிருக்கலாம் என்றார் டாக்டர்.

ஒரு நாள் காலை, மார்க்கெட்டில் பூவம்மாள் தன் மருமகள் சரண்யாவோடு உட்கார்ந்திருந்தாள். அந்தோணிமேரி வழக்கம்போல் பார்க்காமல் கடந்தாள். சூசைமாணிக்கம் நின்றுவிட்டார்.

"என்னா பூவம்மா, ரத்தத்துல கவுண்டு எவ்ளோ வந்துச்சி? எனக்கு எறங்கிடிச்சி."

பூவம்மாள் செதில் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"யாரு அத்த இவரு?" என்றாள் சரண்யா.

"யாரோ. ஆள் தெரியாம பேசறாரு."

"நானா தெரியாதவன்?" அவர் சிரித்தார். "சிதம்பரத்துல எங்கூடத்தான மாத்திர வாங்கற. போன மாசம் நெத்திலிக் கொழம்பு குடுத்த. உப்பு ஜாஸ்தின்னு சொன்னதுக்கு, ஓசிச் சோத்துக்கு ஒனக்கு நாக்கு நீளம்னு திட்டுனியே."

அந்தோணிமேரி ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். "தப்பா நெனைக்காதம்மா," என்றாள் சரண்யாவிடம். "அவருக்கு புத்தி சரியில்ல. யாரப் பாத்தாலும் இப்படித்தான்."

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "மேரி, நீயுந்தான சாப்ட்ட?"

பல மாதங்களில் அவர் ஒன்று விடாமல் சரியாக நினைவு வைத்திருந்தது அது ஒன்றுதான். சரண்யா மாமியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் சிதம்பரத்து மையத்தில் பூவம்மாள் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். சூசைமாணிக்கத்துக்கு மார்க்கெட் நினைவில் இல்லை. பெஞ்சில் தன் பக்கத்தில் துண்டைப் போட்டு அவளுக்கு இடம் பிடித்திருந்தார்.

"மாத்திர தீந்துருக்குமே அவளுக்கு. வந்துடுவான்னு அவங்ககிட்ட சொல்லு மேரி."

ஃபைலோடு வந்த ஒருவர், "இங்க யாராச்சும் வராங்களா பெரியவரே?" என்று கேட்டார்.

"வருவா."

கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. கேட்டவர் சுவரில் சாய்ந்து நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, சூசைமாணிக்கம் வேறு பக்கம் பார்த்திருந்தபோது, அந்தோணிமேரி துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.