உப்புக்கு ஒரே கை

அன்புள்ள சின்னவளுக்கு, அண்ணி எழுதுவது.

பண்டிகை விருந்துக்கு யார் யார் இருந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு எழுத வரும். ஜன்னலைப் பார்த்த நாற்காலியில் மாமா. மேசையின் ஆடுகிற கால் பக்கம் உன் பெரிய அண்ணன், தையல் மெஷின் முக்காலியைப் போட்டுக்கொண்டு, முழங்காலால் மேசைக்கு முட்டுக் கொடுத்தபடி. தக்காளி வந்த மரப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உன் சின்ன அண்ணன். கை வைத்த நாற்காலி வீட்டில் ஒன்றுதானே, அதில் விருந்தாளியாக எதிர்க்கடை ரொட்டிக்காரர். நான் அடுப்பை ஒட்டி, பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும். உன் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. காலையிலேயே உன் பெரிய அண்ணன் தைக்க வந்த துணிகளை மடித்து அதன்மேல் அடுக்கிவிட்டார். வேறு நாளில் நாற்காலியில் ஒரு துணி கிடந்தால் என்ன சத்தம் போடுவார் என்று உனக்குத் தெரியும்.

இனி சட்னி விஷயம்.

இந்த வருஷம் கை இறுக்கம். ஐந்து பேருக்கு ஒரு கோழி, அதுவும் நோஞ்சான். சட்னியை நம்பித்தான் விருந்துக்கே ஆள் கூப்பிட்டோம். இரண்டு ஞாயிறுக்கு முன்னால், சந்தை மூடுகிற நேரம் பார்த்து, உன் சின்ன அண்ணன் தன் காய்கறி வண்டியில் அடிபட்ட தக்காளி ஒரு பெட்டி கொண்டுவந்தான். அழுகலை அரிந்து தள்ளியதில் முக்கால் பெட்டி தேறியது. சட்னிக்குப் போடுகிற உலர்திராட்சை விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் திரும்பினேன். ரொட்டிக்காரர் கடையில் பொட்டலம் கிழிந்து விற்க முடியாமல் கிடந்த பேரீச்சம்பழத்தை அவராகவே கொடுத்தார். அக்கம்பக்கத்தில் காலி பாட்டில்கள் கேட்டு வாங்கி, வெந்நீரில் கொதிக்கவைத்துக் காயவைத்தேன்.

அவரவர் வேலை வழக்கம்போல்தான். உன் பெரிய அண்ணன் சட்டைக்குக் காலர் வெட்டுகிற நிதானத்தோடு தக்காளி அரிந்தார். மாமா பூண்டு உரித்தார். சின்னவன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கிளறினான். வெல்லமும் வினிகரும் மிளகாயும் என் பொறுப்பு. உப்பு உன்னுடையது. மூன்று பேர் தனித்தனியாக உப்புப் போட்டு ஒரு பானைச் சட்னி குப்பைக்குப் போன வருஷம் அத்தை போட்ட சட்டம் உனக்கு மறந்திருக்காது: பெரிய பானையில் உப்புக்கு ஒரே கை, அது சின்னவள் கை. மற்றவர்கள் ருசி பார்க்கவும் கூடாது, பார்த்தால் கை சும்மா இருக்காது.

அத்தை போய் நாலு வருஷமாகியும் அந்தச் சட்டத்தை யாரும் மீறவில்லை. இந்த முறையும் மீறவில்லை. அதுதான் வினையாகிவிட்டது. நான் போட்டிருப்பேன் என்று அவர்கள் நினைத்தார்கள். மாமா போட்டிருப்பார் என்று நான் நினைத்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் உன் பேச்சு வரும். நீ ஆஸ்பத்திரி வேலைக்குப் போன இந்த எட்டு மாதமாக, உன் பேச்சு வந்தால் உன் பெரிய அண்ணன் எழுந்து மெஷினிடம் போய்விடுகிறார். இரண்டாவது மெஷினில் நீ உட்காரவில்லை என்ற கோபத்தில், "நீ இல்லாட்டி இந்த வீட்ல உலை கொதிக்காதா?" என்று அவர் கேட்டதும், "நீயா கூப்பிடு, அப்ப வர்றேன்" என்று நீ பையைத் தூக்கியதும் இந்தச் சமையலறையில்தானே.

இன்னொன்றும் சொல்கிறேன். பாட்டிலில் அடைத்தபின் நீயும் நானும் பின்வாசல் படியில் உட்கார்ந்து, பானையின் அடியை ரொட்டியால் வழித்துத் தின்போமே. இந்த முறை ரொட்டித் துண்டைக் கையில் எடுத்தேன். தனியாக வழிக்க மனம் வரவில்லை. பானையில் தண்ணீரை ஊற்றிவிட்டேன். வழித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

விருந்தில் முதலில் வாயில் வைத்தது மாமா. மென்றார், நிறுத்தினார், மறுபடி மென்றார்.

"எனக்குத்தான் நாக்கு செத்துப்போச்சா?"

"உங்களுக்கு மட்டும் இல்லப்பா" என்றான் சின்னவன். "அண்ணி, இது சட்னியா, ஜாமா?"

ரொட்டிக்காரர் ஒரு துண்டு ரொட்டியில் தடவி, கண்ணை மூடித் தின்றுவிட்டு, "ஜாம்தாம்மா. நல்ல ஜாம். குடுத்தா என் கடையிலயே வெச்சு வித்துருவேன்" என்றார்.

"பேரீச்சம்பழம் ஓசியில குடுத்த திமிரு!" என்றேன் நான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"உப்பு யாரு போட்டது?" என்றார் மாமா. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "அத்தன பேரும் பானையச் சுத்தி நின்னீங்களே, சர்க்கஸ் பாக்குற மாதிரி!"

"நீங்களுந்தாம்ப்பா நின்னீங்க."

"நான் பூண்டு டிபார்ட்மெண்ட்டுடா!"

"உப்புதான் அவ வேலையாச்சே" என்றுவிட்டான் சின்னவன்.

நான் உன் பெரிய அண்ணனைப் பார்த்தேன். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர் முழங்காலை எடுத்தால் மேசை சாயும், கோழிக் குழம்பு ரொட்டிக்காரர் மடியில் போய் விழும். அதனால் உட்கார்ந்தே இருந்தார். பிறகு அந்தச் சட்னியை இன்னொரு கரண்டி எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டார். "வேணாங்க, வெச்சிருங்க" என்றேன். தலை நிமிராமல் வழித்துச் சாப்பிட்டு முடித்தார்.

விருந்தாளி போனதும் மீதியிருந்த பதினோரு பாட்டிலையும் மேசைக்குக் கொண்டுவரச் சொன்னார். அவரே ஒவ்வொன்றாகத் திறந்து பானையில் கொட்டினார். அடுப்பில் ஏற்றி, உப்பு ஜாடியை என்னிடம் நீட்டினார்.

"நீ போடு."

"இவ்வளவுக்கு எனக்கு அளவு தெரியாதுங்க. அவ அளந்தா போடுவா? ஆவி வர்றதப் பாத்தே போடுவா."

அவர் ஒரு சிட்டிகை போட்டார், நக்கிப் பார்த்தார். மாமாவிடம் கரண்டியை நீட்டினார். "இன்னும்" என்றார் மாமா. "போதும்" என்றான் சின்னவன். இப்படியே ஆறேழு தடவை. கடைசியில் ஒரு மாதிரி சரியாக வந்தது. சாப்பிடலாம், குறை சொல்ல முடியாது. ஆனால் உன் சட்னி இல்லை.

திரும்ப அடைக்கும்போது எண்ணிப் பார்த்தால் பத்துதான். பதினோராவது ஓரமாக, திறக்காமலே இருந்தது.

"அத விட்டுட்டீங்க, குடுங்க."

"அது இருக்கட்டும்."

"உப்பில்லாமயா?"

"அவ வந்து போடட்டும்."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பாட்டில் மூடியை இறுக்கிக்கொண்டே சொன்னார். பிறகு துணியில் குறி போடுகிற சாக்குக்கட்டியை எடுத்து, மூடியின்மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார், வேறு யாரும் தொடாமலிருக்க. அலமாரியின் மேல்தட்டில், உன் கைக்கு எட்டுகிற உயரத்தில்தான் வைத்திருக்கிறது. நான் தினமும் பார்க்கிறேன். வினிகர் இருப்பதால் கெடாது. ஆனாலும் ரொம்ப நாள் வைக்க எனக்கு ஆசையில்லை.

மாதம் ஒரு கடிதம், ஒவ்வொன்றிலும் அடியில் உன் பெரிய அண்ணனுக்காக நாலு விரல் இடம் விட்டு அனுப்பினேன். எட்டிலும் அந்த இடம் வெள்ளையாகவே உன்னிடம் வந்தது, நீயும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது ஒன்பதாவது. சற்றுமுன் மெஷினை நிறுத்திவிட்டு, "லீவு எப்ப கிடைக்குமாம் அவளுக்கு?" என்று கேட்டார். "இடம் விட்டிருக்கேன், நீங்களே கேளுங்க" என்றேன். பேனாவுக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறார். கொடுத்துவிடுகிறேன்.

(உறையின் பின்பக்கம்)

அவரே ஒட்டிவிட்டார், அதனால் இங்கே எழுதுகிறேன். என்ன எழுதினார் என்று நான் படிக்கவில்லை. நாலு விரல் இடம் போதாமல் தாளைத் திருப்பி ஓரத்தில் எழுதியதை மட்டும் அடுப்படியிலிருந்து பார்த்தேன். பசை இன்னும் ஈரம். தபால் பெட்டியில் போட உன் சின்ன அண்ணன் வண்டியைக் கிளப்பிவிட்டு, கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான்.