பதினைந்து பிடி

மலைச்சரிவில் உழுது பிழைக்கும் நாற்பது குடும்பங்களுக்கும் விதை கொடுப்பது ஒரே வீடு. அதன் தலைவரை விதைவீட்டுக்காரர் என்றே எல்லோரும் சொன்னார்கள். அடுப்பு அணைந்து கிடந்தாலும் அந்த வீட்டில் விதைப் பானையைத் தொட மாட்டார்கள். தானியம் அடுக்கடுக்காக இருக்கும். பிள்ளைகள் ஒட்டிய வயிறோடு படுக்கும். அதை அவர் கௌரவமாகவே நினைத்தார்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை எடை போட்டு, குறைந்தவர்களின் பட்டியலைச் சுவரில் ஒட்டப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. பட்டியலில் இருக்கும் பிள்ளைக்குத் தினமும் முட்டையும் பாலும் உண்டு. அந்தப் பேச்சு அவர் காதில் ஏறவில்லை.

"ஊருக்கே விதை கொடுக்கிற வீட்டுப் பிள்ளை, பட்டினின்னு செவுத்துல ஒட்டுவாங்களா?" என்று தம்பி மனைவியிடம் சீறினார்.

"என் மக இளைச்சுத்தானே மாமா இருக்கா?"

"நம்ம வீட்டு உடம்புவாகு அப்படி."

எடை போடும் நாள் காலையில், வாழ்நாளில் செய்யாததைச் செய்தார். விதைப் பானையைத் திறந்து, கை நிறைய அள்ளி அள்ளித் துணிப்பட்டையில் நிரப்பி, தம்பி மகளின் இடுப்பில் பாவாடைக்குள் கட்டினார். அவளுக்கு எட்டு வயது.

"பத்தொன்பது கிலோ காட்டினாப் போதுமாம். நீ வாயைத் திறக்காதே."

வகுப்பறையில் பெஞ்சுகளை ஓரங்கட்டி, நடுவில் எடைமேடை வைத்திருந்தார்கள். அவள் ஏறினாள். முள் பத்தொன்பதில் நின்றது.

"தப்பிச்சே போ" என்று நர்ஸம்மா அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள். வாசலில் நின்ற விதைவீட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார்.

சிறுமி இறங்கவில்லை. "ஒன்றரைக் கிலோ கழிச்சுக்குங்க அக்கா. இடுப்புல விதை இருக்கு."

"ஒன்றரைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பெரியப்பா பதினஞ்சு பிடி போட்டாரு. அவரு ஒரு பிடி நூறு கிராம். விதைப்புக்குக் கொடுத்தப்போ பத்து வீட்டுக்கு அவரு அள்ளின பிடியை இங்க கொண்டாந்து வாத்தியாரோட நிறுத்துப் பார்த்தேன். ஒண்ணும் கூடலை, குறையலை."

நர்ஸம்மா பட்டையை அவிழ்த்து மேடையில் வைத்தாள். சரியாக ஒன்றரை.

பிள்ளையை இழுத்துக்கொண்டு போகத்தான் விதைவீட்டுக்காரர் உள்ளே அடி எடுத்து வைத்தார். கால் அதற்குமேல் நகரவில்லை. நாற்பது வருஷமாக அள்ளிய கை அது. இருட்டிலும் அள்ளியிருக்கிறார், காய்ச்சலிலும் அள்ளியிருக்கிறார். அந்தக் கை தப்பாது என்று ஊர் சொல்லும். எவ்வளவு தப்பாது என்று யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது. இந்த நண்டுக்குத் தெரிந்திருக்கிறது.

"ஏன் சொன்னே?" என்றார்.

"கரும்பலகைகிட்டப் போய்க் கணக்குப் போட்டா கண்ணு இருட்டுது பெரியப்பா."

அவர் நர்ஸம்மா பக்கம் திரும்பினார். பிறகு, வாசல்வரை கேட்கும்படி சொன்னார்: "எழுதும்மா. விதைவீட்டுப் பிள்ளை. பதினேழரை."

வரிசையில் சலசலப்பு. ஒரு தாய் தன் மகனின் கால்சட்டைப் பையிலிருந்து கூழாங்கற்களை அள்ளி வெளியே போட்டாள். "விதைவீடே எழுதியாச்சு, நமக்கென்ன வந்தது?" இன்னொருத்தி மகளின் சட்டைக்குள்ளிருந்து கலப்பையின் இரும்புக் கொழுமுனையையே உருவினாள். நர்ஸம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "சரிதான், முதல்லேர்ந்து வாங்க எல்லாரும்."

கடைசிப் பிள்ளையும் இறங்கியதும் விதைவீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறினார். முதுகு அப்போதும் நேராகத்தான் இருந்தது.

"என்ன காட்டுது, பாரு."

சிறுமி குனிந்து படித்தாள். "நாப்பத்திமூணு." சுவரில் இருந்த உயரம்-எடை அட்டவணையில் விரலை ஓட்டினாள். "உங்க உயரத்துக்குப் பத்தாது பெரியப்பா."

அவர் இறங்கிப் போய், ஓரத்தில் கிடந்த பெஞ்சு ஒன்றைக் கரும்பலகையருகே இழுத்துப் போட்டார்.

"உக்காந்துக்க" என்றார். "எவ்வளவு பத்தாதுன்னு கணக்குப் போட்டுச் சொல்லு."