தாழ்ந்த கண்ணாடி

அலாரம் அடித்தது. எழுந்தான். பல் துலக்கினான். முகம் மழித்தான். கண்ணாடி அவன் இடுப்பு உயரத்தில் இருந்ததால் முழங்காலை மடக்கிக் குனிய வேண்டியிருந்தது. குளியலறையில் மடக்கு இருக்கை, சுவரெல்லாம் கைப்பிடி. விடுதியில் சக்கர நாற்காலிக்காரர்களுக்கான அறை. மனைவி உயிரோடு இருந்தபோது பதிவு செய்தது. அவளுக்குப் பதில் அவள் அம்மா வருகிறாள் என்று பெயரை மட்டும் மாற்றியிருந்தான். மற்றதை மாற்றத் தோன்றவில்லை.

பென்குயின் பூங்கா வாசலில் ஊழியர், பதிவில் கேட்டிருந்த சக்கர நாற்காலியோடு நின்றார்.

"யாருக்கு சார் இது?"

நடையில் அவனையே ஓரங்கட்டும் அத்தை, சட்டென்று அதில் உட்கார்ந்தாள்.

"எனக்குத்தான்."

"அத்தை, உங்க கால் நல்லாத்தானே இருக்கு?"

"கால் கிடக்கட்டும். அவ உக்காந்து பாக்கவேண்டியத நான் உக்காந்து பாக்கறேன். தள்ளுங்க மாப்ள. பொண்ணக் குடுத்தவளுக்கு இதுகூடச் செய்யக்கூடாதா?"

தள்ளினான். தரையில் பிளவு வந்த இடத்தில் கை தானாக முன்சக்கரத்தைத் தூக்கிக்கொடுத்தது.

சரிவுப் பாதையின் நடுவில் கண்ணாடிச் சுவர். நின்றவனுக்குக் கண்ணாடியில் வெளிச்சம் பட்டு ஒன்றும் தெரியவில்லை. கீழே, தண்ணீருக்குள்ளிருந்து ஒரு பென்குயின் வந்து அத்தையின் முகத்துக்கு நேராக நின்றது.

"எம்மாடி, என்னமா முறைக்குது! உங்க மாமனார் மாதிரியே தொப்பை."

அவனும் பக்கத்தில் குத்துக்காலிட்டான். அப்போதுதான் தெரிந்தது. இந்த இடத்தைத்தான் மனைவி போனில் காட்டிக் காட்டிக் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டாள்.

"மாப்ள," அத்தை திரும்பவில்லை. "நான் ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிபோச்சு. கடைசியா என்ன சொன்னா? ஊரே கேட்டுச்சு, நீங்க வாயத் திறக்கல. பெத்தவ கேக்கறேன்."

'அம்மாவைப் பாத்துக்கோ' என்று சொல்லிவிடலாம். உறவுக்கூட்டம் அப்படி ஒன்றுக்காகத்தான் காத்திருந்தது. அத்தைக்கும் ஆறுதலாக இருக்கும்.

"பெரிசா ஒண்ணும் இல்ல அத்தை."

"சின்னதாவே சொல்லுங்க."

பென்குயின் தலையைச் சாய்த்தது.

"நாற்காலியிலேருந்து கட்டிலுக்கு மாத்தத் தூக்கினேன். எப்பவும் கேக்கறதத்தான் கேட்டா. நான் பதில் சொல்றதுக்குள்ள மயங்கிட்டா."

"என்ன கேட்டா?"

அவன் கை சக்கரத்தின் ஓரத்தில் அந்தச் சின்னப் பிடியைத் தேடி அழுத்தியது.

"பிரேக் போட்டியா?"